மறுவருஷம் கூப்பிடும் ஊர்

கேள்வி: "மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் இருக்கிறேன், வயது 26. பி.காம். முடித்துவிட்டு மூன்று வருஷமாக நண்பர்களின் நாட்டுப்புற இசை பேண்டுக்கும் என் மாமாவின் நையாண்டி மேள செட்டுக்கும் தேதி பிடித்துக் கொடுத்து, கணக்குப் பார்த்து வருகிறேன். பேண்டின் ஒரு பாட்டு வீடியோ நன்றாக ஓடியதால் போன வருஷம் கை நிறைய வேலை. இந்த வருஷம் அதில் பாதிகூட இல்லை. மேளத்தை விட்டுவிட்டு பேண்டை மட்டும் கவனி, சென்னைக்கு வந்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். ஏறி இறங்காமல் இந்தத் தொழிலை நீண்ட நாளுக்கு எப்படிக் கொண்டுபோவது?"

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. போன வருஷம் நீங்கள் போன ஊர்களில் எத்தனை ஊர் இந்த வருஷம் மறுபடி கூப்பிட்டது? அந்த எண் தெரிந்தால்தான் உங்களுக்குத் தொழில் வளர்கிறதா, வெறும் அலை அடித்து ஓய்ந்ததா என்று சொல்ல முடியும்.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் தேதி நோட்டு எழுதும் பையனாகச் சேர்ந்தவன். குழுவை நடத்தியவர் ஆனி மாதம் பிறந்ததும் என்னை உட்கார வைத்து, போன வருஷத்து நோட்டையும் இந்த வருஷத்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கச் சொல்வார். இரண்டிலும் இருக்கும் ஊர்ப் பெயருக்கு நேராக மட்டும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. மொத்தம் எத்தனை கச்சேரி, எவ்வளவு வசூல் என்று அவர் கேட்டதே கிடையாது. புள்ளியைத்தான் எண்ணுவார். புள்ளி குறைந்த வருஷம் பணம் எவ்வளவு வந்திருந்தாலும் முகம் வாடிவிடும். அப்போது எனக்கு விளங்கவில்லை. தனியாகத் தொழில் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

நம் பக்கத்துத் தொழிலுக்குப் பெருநகரக்காரருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. இங்கே பெரும்பாலான நிகழ்ச்சி திருவிழாவை ஒட்டி வருவது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பங்குனியில் பொங்கல் வைத்தால், அடுத்த பங்குனியிலும் வைப்பார்கள். மேலூர்ப் பக்கம், நத்தம் பக்கம், சோழவந்தான் பக்கம் எல்லாம் அப்படித்தான். பெருநகரத்தில் மேனேஜராக இருப்பவர் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஆள் தேட வேண்டும். நமக்கு வாங்குகிறவர் யார், எந்த வாரம் வாங்குவார் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ஒரு ஊர் ஐந்து வருஷம் தொடர்ந்து கூப்பிட்டால் அது உங்களுக்கு விளைநிலம் மாதிரி. வீடியோ பார்த்துவிட்டு வந்த அழைப்பு, ஆற்றில் வெள்ளம் வந்தபோது பிடித்த மீன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அதில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். விழாக் கமிட்டி வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷம் உங்களோடு பேசிய தலைவர் இந்த வருஷம் கமிட்டியிலேயே இருக்க மாட்டார். புதுக் கமிட்டிக்கு, பழைய கமிட்டி கொண்டுவந்த குழுவையே கொண்டுவருவதில் கௌரவக் குறைச்சல் வேறு. அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? மண்டகப்படிக்காரரை, அதாவது திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்று நடத்துகிறவரை. முதல் நாள் இன்ன குடும்பம், மூன்றாம் நாள் இன்ன தெரு, ஐந்தாம் நாள் வியாபாரிகள் என்று மண்டகப்படி பரம்பரையாக வருவது. அப்பா செய்ததை மகன் செய்வார், மகன் வெளிநாட்டில் இருந்தாலும் பணம் அனுப்பிச் செய்வார். கமிட்டித் தலைவரோடு மட்டும் பேசிவிட்டு வருகிறவருக்கு ஒரு வருஷத்து உறவு. மண்டகப்படி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருகிறவருக்கு ஒரு தலைமுறை உறவு. அடுத்தபடியாக, மைக் செட்காரர். "எந்தக் குழுவைக் கூப்பிடலாம்?" என்று கிராமத்தில் முதலில் கேட்பது அவரைத்தான். ஏனென்றால் எல்லாக் குழுவையும் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் உங்கள் ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒருநாள் மறைவாக நின்று கவனியுங்கள்.

அதனால் உங்கள் நோட்டில் தேதியும் தொகையும் மட்டும் இருந்தால் போதாது. நம் வீடுகளில் மொய் நோட்டு எப்படி இருக்கிறது? காதணி விழாவுக்கு யார் எவ்வளவு செய்தார்கள், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று முப்பது வருஷத்துக்கு முந்தையதும் பரண் பெட்டியில் இருக்கும். அந்த ஒழுங்கோடு எழுதுங்கள். எந்தச் சாமிக்கு என்ன திருவிழா, எந்த மாதம் எத்தனையாவது செவ்வாய், யார் மண்டகப்படி, மேடைக்கு மின்சாரம் எங்கிருந்து எடுத்தார்கள், எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்தது, எந்தப் பாட்டைப் பாட வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் வந்து சொன்னார், வேனை எங்கே நிறுத்தினோம், ஊரில் அந்த வருஷம் யார் தவறிப்போனார். கடைசியாகச் சொன்னது முக்கியம். மறுவருஷம் போன் செய்யும்போது முதலில் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் தேதி கேட்க வேண்டும்.

உங்கள் வேலையைப் புதிதாக வந்த வேலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மதுரை இதைப் பல காலமாகச் செய்து வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை ஆடும் ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி ஒரு ஊர், பபூன் என்கிற கோமாளி ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி வாங்கி, தனித்தனியாகச் சம்பளம் பேசி, ஒரே இரவில் ஒரே மேடையில் சேர்த்து விடிய விடிய 'வள்ளி திருமணம்' ஆட வைப்பவர் ஏஜெண்ட். ஒத்திகை கூடக் கிடையாது. இவ்வளவும் நிற்பது ஒரே ஒரு நம்பிக்கையின் மேல்: தேதி கொடுத்தால் கொடுத்ததுதான். அதிகச் சம்பளத்துக்கு வேறு ஊர் கூப்பிட்டது என்று ஒருமுறை மாறியவருக்கு அடுத்த சீசனில் தேதி விழாது. உங்கள் பேண்ட் பையன்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள். வெற்றிலை பாக்கு மாற்றி முன்பணம் வாங்கிவிட்டால், அதன்பிறகு எத்தனை பெரிய வாய்ப்பு வந்தாலும் அந்தத் தேதி அந்த ஊருடையது.

இனி பணம். என் அனுபவத்தில், இந்தத் தொழிலில் ஒருவர் பத்து வருஷம் தாண்டி நிற்பாரா என்பது கணக்குத் தீர்க்கும் விதத்தில்தான் தெரியும். நான் தனியாக வந்த இரண்டாவது வருஷம், ஒரு கிராமத்தில் நிகழ்ச்சி முடிந்து இரவு இரண்டு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கையை விரித்தார்கள். வரி வசூல் ஆகவில்லை, திருவிழா முடிந்ததும் தருகிறோம் என்றார்கள். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. வேனில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் செய்த தவறு, வந்த பணத்தில் பாடகர்களுக்கு முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, தாளக்காரர்களிடம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றது. அடுத்த வாரம் பார்க்கவும் செய்தேன், பைசா பாக்கியில்லாமல் கொடுத்தேன். ஆனால் அந்த இரண்டு தவில்காரர்களும் அதன்பிறகு எனக்குத் தேதி தரவே இல்லை. யாரிடமும் குறைசொல்லவும் இல்லை. "அன்றைக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது தம்பி" என்பார்கள். அவ்வளவுதான். நல்ல தவில் இல்லாமல் அந்த சீசன் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். பேசியதில் பாதி முன்பணமாக வரவேண்டும், மீதி மேடை ஏறும் முன் வரவேண்டும், இரண்டும் ஒரு பக்கத் தாளில் இரு தரப்புக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கும்போது கடைசி ஆளிலிருந்து தொடங்கி மேலே போவேன்: லைட் தூக்குகிற பையன், டிரைவர், தாளம், பிறகுதான் பாடகர், கடைசியில் நான். கமிட்டியிடம் எவ்வளவு வாங்கினேன் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஊரில் ஒரு தொகை பேசி, கலைஞரிடம் வேறு தொகை சொல்லி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்கிற தரகு முறை நம் பக்கம் சகஜம். அதைச் செய்யாதீர்கள். உலகம் முழுக்க இசை மேனேஜர்கள் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம் வெளிப்படையாக வாங்குகிறார்கள். நீங்களும் ஒரு சதவீதத்தைச் சொல்லி, எழுதி, அதை மட்டும் வாங்குங்கள். நாலு பேர் ஒரு டீக்கடையில் சந்தித்தால் மறைத்த தொகை வெளியே வந்துவிடும். மதுரையில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை இல்லாத மாதங்களில் கலைஞர்கள் உங்களிடம் கைமாற்று கேட்பார்கள். கொடுங்கள். ஆனால் அதை வைத்து அவர்களைக் கட்டிப்போடாதீர்கள். "கடன் தீரும்வரை என் தேதிக்குத்தான் வரவேண்டும்" என்று பேசுகிற ஏஜெண்டுகளைப் பார்த்திருக்கிறேன். மனசே வராமல் வாசிக்கிறவரின் மேளம் எப்படி ஊரை எழுப்பும்?

உங்கள் ஏற்ற இறக்கத்தில் பாதி, பஞ்சாங்கத்தால் வருவது. தை பிறந்தால் தொடங்கி, பங்குனி, சித்திரை, வைகாசி உச்சம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில்கள் இருக்கின்றன, அது மேளத்துக்கு மாதம். புரட்டாசியில் நவராத்திரி. மார்கழியில் இங்கே ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதைத் தெரிந்துகொண்டு, சித்திரையில் வரும் பணத்தில் ஒரு பங்கை மார்கழிக்கென்று தனிக் கணக்கில் போட்டு வைக்காதவர், மார்கழியில் கிடைத்த விலைக்கு ஒத்துக்கொண்டு தன் விலையைத் தானே கெடுத்துக்கொள்வார். 2020 நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் ஊரடங்கு. மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்து, நாம் இணையத்தில் பார்த்தோம். அடுத்த சித்திரையும் அப்படியே போனது. இரண்டு சீசன். அந்தக் காலத்தில் எனக்கு வருமானம் ஒன்றுமில்லை. ஆனால் என் நோட்டிலிருந்த ஒவ்வொரு ஊருக்கும், அவர்கள் திருவிழா நடக்க வேண்டிய அந்த நாளில் போன் செய்தேன். வேலை கேட்டு இல்லை, "இன்றைக்கு உங்கள் ஊரில் இருந்திருப்போம்" என்று சொல்ல. பலர் அழுதுவிட்டார்கள். கோயில்கள் மறுபடி திருவிழாவுக்குத் திறந்தபோது எங்கள் தேதிகள் மளமளவென்று நிரம்பியதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

அந்த வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். அது யாருடைய சேனலில் இருக்கிறது? கல்யாணத்துக்குப் படம்பிடிக்க வந்தவர் ஏற்றியதா, உங்களுடையதா? பாட்டு எழுதியவர் யார், மெட்டு யாருடையது, ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவர் யார் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? பாட்டு ஓடுவதற்கு முன்னால் இதைக் கேட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். ஓடிய பிறகு கேட்டால் பேண்ட் உடையும். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதற்கும். ஏதாவது கம்பெனி "எல்லா உரிமையும், என்றென்றைக்கும், உலகம் முழுக்க" என்று ஒரு வரி போட்டுத் தாளை நீட்டினால், அந்த வரியின் விலை என்ன என்று இப்போது புரியும். 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை அந்தக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. அதை வசூலிக்க, ராயல்டியை வாங்கிப் பங்கிட்டுத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராக வேண்டும். பையன்களை இந்த மாதமே சேரச் சொல்லுங்கள்.

நாட்டுப்புற மெட்டு எடுத்துச் செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஊர்ப் பொதுவான கும்மி மெட்டை ஒருவர் பதிவு செய்து, யூடியூபில் தன் பெயரில் உரிமை கோரிவிடுவார். அதே மெட்டில் நீங்கள் வாசித்தால் வருமானம் அவருக்குப் போகும். ஒலிப்பதிவின் மூலக் கோப்புகளைத் தேதியோடு பத்திரமாக வைத்திருந்தால் மறுத்து வாதாட முடியும். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டியின் பெயரையும் ஊரையும் குறித்து வைப்பது அவருக்குச் செய்கிற மரியாதை, உங்களுக்கும் அது சாட்சி. கல்யாண வீட்டில், கல்யாண ஊர்வலத்தில், கோயில் சடங்கில் சினிமாப் பாட்டு வாசிப்பதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, கவலை வேண்டாம். டிக்கெட் போட்டு நடத்தினால் அந்த விலக்கு கிடையாது.

மற்ற தாள்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி மறுத்து, ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் நிபந்தனைகளோடு அனுமதி வாங்கி வருவது நம் பக்கம் வாடிக்கை. சாதியைத் தூக்கிப் பாடக்கூடாது, ஆபாசம் கூடாது என்பவை அந்த நிபந்தனைகளில் வரும். அந்த உத்தரவின் நகலைக் கமிட்டியிடம் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பாட்டுப் பட்டியல் போடுங்கள். நாட்டுப்புற, சாஸ்திரியக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் சம்பளம் ரூ.1.5 லட்சம் வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. உங்கள் கமிஷனுக்கு அந்த விலக்கு இல்லை. வருஷத்தில் ரூ.20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். முழுச் சம்பளமும் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகப் போய்வந்தால் அத்தனையும் உங்கள் வரவு போலத் தெரியும். அதனால் கலைஞர் பணம் கலைஞர் கணக்குக்கே போகட்டும்.

மாமாவின் செட்டில் இருக்கிறவர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அட்டை இருக்கிறதா பாருங்கள். மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுவாரியாக இருக்கின்றன: கலை இளமணி 18 வயது வரை, வளர்மணி 35 வரை, சுடர்மணி 50 வரை, நன்மணி 65 வரை, அதற்கு மேல் முதுமணி. யாருக்கு எப்போது விண்ணப்பம் போடலாம் என்று உங்கள் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கலைஞர் தனக்காகத் தானே போய்க் கேட்க மாட்டார். எல்லாருக்கும் பாஸ்போர்ட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரையோடு பாஸ்போர்ட் வரும், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அதற்குத் தனியாக அலைய வேண்டியிருக்கும். மலேசியாக்காரர் அழைத்து, பத்து நாளில் வரச் சொல்லி, தவில்காரர் ஒருவருக்குத் தாள் இல்லாததால் ஒரு பயணமே கைவிட்டுப் போனது எனக்கு.

பேண்டா மேளமா என்று கேட்டீர்கள். ஒருவரைச் சுற்றியே எல்லாவற்றையும் கட்டி வெற்றி பெற்ற மேனேஜர் இல்லையா என்றால், இருக்கிறார். மதுரையில் பிறந்த பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அவர் கணவர் சதாசிவம். எம்.எஸ். நடித்த 'மீரா' படம் தமிழில் 1945-இலும் இந்தியில் 1947-இலும் வந்து நாடே கொண்டாடியபோது, அடுத்தடுத்து எத்தனை படம் நடித்திருக்கலாம்? அதோடு சினிமாவை நிறுத்திவிட்டார்கள். கச்சேரி மேடைதான், நன்கொடைக் கச்சேரிகள்தான் என்று அந்தப் புகழை ஐம்பது வருஷத்துக்கு நீட்டினார்கள். 1966-இல் ஐ.நா. சபையில் பாடியது, 1998-இல் பாரத ரத்னா, எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. கிடைத்த அலையில் எதை மறுப்பது என்று முடிவு செய்வதும் மேனேஜரின் வேலை என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய உதாரணம் தெரியாது. ஆனால் அது வாழ்க்கைத் துணையாக இருந்தவர் செய்தது. 1997-இல் சதாசிவம் மறைந்ததும் எம்.எஸ். மேடையை விட்டே விலகிவிட்டார். நமக்கு அப்படி ஒரு பிணைப்பு இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. நண்பர்கள் பேண்டில் ஒருவர் கல்யாணமாகி பெங்களூர் போவார், ஒருவருக்கு சினிமாவில் வாய்ப்பு வரும், வரட்டும். உங்கள் மொத்த வருமானத்தில் எந்த ஒரு குழுவும் பாதிக்கு மேல் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருகாலத்தில் ஒரே பாடகியை நம்பி முக்கால் வருமானத்தையும் வைத்திருந்து, அவர் தகுந்த காரணத்தோடு விலகியபோது ஒன்றரை வருஷம் தடுமாறினேன்.

சென்னைக்குப் போங்கள், மார்கழியில். இங்கே வேலை இல்லாத அந்த மாதத்தில் அங்கே சபா சபாவாக இசை. ஒரு அறை எடுத்துத் தங்கி, தினம் இரண்டு கச்சேரி கேளுங்கள். சாஸ்திரிய சங்கீதம் நம் ரகம் இல்லை என்று ஒதுக்காதீர்கள். மேடை நிர்வாகம், ஒலி, நேரம் தவறாமை எல்லாம் அங்கே கண்ணால் கற்கலாம். பொங்கலுக்கு நாட்டுப்புறக் கலைஞர்களை அரசு சென்னை சங்கமத்துக்கு அழைத்து வருகிறதே, அதையும் இருந்து பார்த்து, நாலு பேரை அறிமுகம் செய்துகொண்டு, தை முதல் வாரம் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். அப்போதுதான் இங்கே பங்குனிக்குத் தேதி கேட்டு வரத் தொடங்குவார்கள். வீட்டை மாற்றிக்கொண்டு போனால் அங்கே ஆயிரத்தில் ஒருவர். இங்கே இருந்தால், வாடிப்பட்டி மேளம் முதல் கரகாட்டம் வரை எது வேண்டுமென்றாலும் சென்னைக்காரர் உங்களைத்தான் கேட்க வேண்டும்.

மேளத்தை விடவே விடாதீர்கள். பேண்டுக்குப் போன வருஷம் வந்த ஊர்களையும் மாமாவுக்கு வருஷா வருஷம் வெற்றிலை பாக்கு வைக்கிற ஊர்களையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள், எது உங்களை மூன்று வருஷமாகக் காப்பாற்றியது என்று தெரியும். அந்த மேள ஊர்களிலேயே, இரவு மேடைக்குப் பேண்டைக் கொண்டுபோகலாமா என்று மண்டகப்படிக்காரரிடம் மாமாவை விட்டே கேட்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. மாமாவுக்குத் தெரிந்த ஊர், குடும்பம், சாமி, வழி எல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும், எந்தத் தாளிலும் இருக்காது. அவருக்கு ஓய்வான ஒரு மதியம், ஒரு புது நோட்டோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். பங்குனி ஊர்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.